ஓங்கிய கை யாருடையது? குல்லெர்வோ ஓவியமும் ஏலம் போன பிள்ளைகளும்

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் உள்ள அட்டெனியும் கலைக்கூடத்தில் ஆளுயர ஓவியம் ஒன்று இருக்கிறது. பெயர் 'குல்லெர்வோவின் சாபம்'. வரைந்தவர் அக்ஸெலி கல்லென்-கல்லெலா. வரைந்த ஆண்டு 1899. காட்டின் நடுவே வெற்றுமார்போடு ஓர் இளைஞன் நிற்கிறான். முஷ்டி பிடித்த கையை மேலே ஓங்கியிருக்கிறான். பக்கத்தில் ஒரு நாய். அவனைத் தாங்கிக்கொள்ளவோ தடுத்து நிறுத்தவோ வேறு யாரும் அங்கே இல்லை.

அந்த இளைஞன் ஓர் அடிமை. மாடு மேய்க்க அனுப்பப்பட்டவன். அவன் கோபத்துக்குக் காரணம் ஒரு ரொட்டி.

கதை பின்லாந்தின் காவியமான 'கலேவலா'வில் வருகிறது. பங்காளித் தகராறில் உந்தமோ என்பவன் தன் அண்ணன் தம்பி உறவையும் பாராமல் கலெர்வோவின் குலத்தையே அழிக்கிறான். பிடித்துச் செல்லப்பட்ட ஒரு கர்ப்பிணிக்குப் பிறப்பவன்தான் குல்லெர்வோ. பிறக்கும்போதே அடிமை. வளர்ந்தால் பழிவாங்குவான் என்று பயந்து அந்தக் குழந்தையைத் தண்ணீரில் விடுகிறார்கள், நெருப்பில் போடுகிறார்கள், மரத்தில் தூக்கிலிடுகிறார்கள். சாகவில்லை. தூக்கிலிட்ட மரத்தைப் போய்ப் பார்த்தால், பையன் தொங்கிக்கொண்டே ஒரு சிறு குச்சியால் மரமெங்கும் வீரர்களையும் வாள்களையும் கீறி வைத்திருக்கிறான். கொல்லப் போட்ட இடத்திலும் படம் வரைந்த பிள்ளை அவன்.

வேலைக்கு விட்டால் எல்லாவற்றையும் கெடுக்கிறான். ஆகவே உந்தமோ அவனை இல்மரினென் என்ற கொல்லனுக்கு விற்கிறான். விலை என்ன தெரியுமா? ஓட்டைக் கொப்பரை இரண்டு, முறிந்த கொக்கி மூன்று, தேய்ந்த அரிவாள் ஐந்து, உதவாத மண்வெட்டி ஆறு. பழைய இரும்புக்குப் போட வேண்டிய சாமான்கள். ஒரு மனிதனின் விலை அவ்வளவுதான்.

கொல்லனின் மனைவி அவனை மாடு மேய்க்க அனுப்புகிறாள். வழியில் தின்ன ரொட்டி சுட்டுத் தருகிறாள். அடியில் ஓட்ஸ் மாவு, மேலே கோதுமை மாவு, நடுவில் ஒரு கல். பொழுது சாயும் நேரத்தில் பசியோடு குல்லெர்வோ ரொட்டியை அறுக்கிறான். கத்தி கல்லில் பட்டு முறிகிறது. அந்தக் கத்தி அவன் தகப்பன் வழி வந்தது. தனக்கும் ஒரு குலம் இருந்தது என்பதற்கு அவனிடம் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி. அது முறிந்த பிறகுதான் அந்தக் கை மேலே எழுகிறது.

இந்த ஓவியத்தைப் பற்றி இங்கே ஏன் எழுதுகிறோம் என்று தோழர்கள் கேட்கலாம். வேறு நாட்டு அடிமைகளின் வரலாற்றைப் படிப்பது நம் மரபிலேயே உண்டு. 1873-இல் 'குலாம்கிரி'யை எழுதிய ஜோதிராவ் புலே, அந்த நூலை அமெரிக்காவில் கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காக உழைத்தவர்களுக்குக் காணிக்கையாக்கினார். 1972-இல் மும்பையில் பிறந்த தலித் பேந்தர்ஸ், கருஞ்சிறுத்தைகளிடமிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது. அடுத்தவர் வீட்டு விலங்கைப் பார்க்கும்போது நம் காலில் கிடப்பதன் பூட்டு எங்கே இருக்கிறது என்று தெரிகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊரில் காவியத்திலும் புராணத்திலும் வரும் ஒடுக்கப்பட்டவன் எப்படி வரையப்படுகிறான் என்று யோசியுங்கள். ஏகலைவன் என்றால் கட்டை விரலை வெட்டிக் குருவின் காலடியில் வைக்கும் படம். நந்தன் என்றால் கைகூப்பி நிற்கும் படம். பறிகொடுத்தவன் பக்தியோடு கொடுத்தவனாகக் காட்டப்படுகிறான். 'குல்லெர்வோவின் சாபம்' அப்படிப்பட்ட படம் இல்லை. அங்கே அடிமை கும்பிடவில்லை, கொடுக்கவில்லை. ஓங்கிய கையோடு நிற்கிறான். இப்படி ஒரு படத்தை ஒரு நாடு தன் பெருமைக்குரிய ஓவியங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது என்றால் அது சாதாரண விஷயமில்லை. ஆனால் அந்தப் பெருமையின் உள்ளே போய்ப் பார்த்தால் அங்கும் ஒரு கல் இருக்கிறது.

முதலில், இந்தக் கதை யாருடைய வாயிலிருந்து வந்தது?

'கலேவலா'வைத் தொகுத்தவர் எலியாஸ் லொன்ரோத். தையற்காரரின் மகன், மருத்துவர். நாட்டுப்புறப் பாடகர்களிடம் கேட்டு எழுதிய பாடல்களைக் கோர்த்து 1835-இல் முதல் பதிப்பை வெளியிட்டார். 1849-இல் விரிவான இரண்டாம் பதிப்பு வந்தது. முதல் பதிப்பில் குல்லெர்வோவுக்கு இருந்த இடம் சிறியது. இரண்டாம் பதிப்பில் 31 முதல் 36 வரை ஆறு படலங்களாக அது வளர்ந்தது. வளரக் காரணம், இடைப்பட்ட ஆண்டுகளில் யூரோபேயஸ் என்ற சேகரிப்பாளர் கரேலிய நிலப்பகுதியிலும் இங்ரியாவிலும் சுற்றித் திரட்டிவந்த பாடல்கள்.

இங்ரியா எங்கே இருக்கிறது? ரஷ்யப் பேரரசின் தலைநகராக இருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கைச் சுற்றியுள்ள பகுதி. பின்லாந்தில் உழவர்களை நிலத்தோடு கட்டிப்போடும் பண்ணையடிமை முறை வேரூன்றவில்லை. இங்ரியாவில் இருந்தது. ரஷ்யாவில் 1861-இல் அம்முறை ஒழிக்கப்படும் வரை அங்குள்ள உழவர்கள் நிலப்பிரபுக்களின் சொத்து. ஆகவே, விற்கப்பட்ட பிள்ளையின் பாடல்கள் செழித்த மண்ணில், மனிதர்கள் விற்கப்படுவதும் வாங்கப்படுவதும் அன்றாட நடப்பாக இருந்தன. அந்தப் பாடல்களைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தவர்களுக்கு அது வெறும் புராணமாக இருந்திருக்குமா?

பாடியவர்களின் நிலையை அறிய ஒரு பெயர் போதும்: லாரின் பராஸ்கே. இங்ரியாவில் பிறந்த ஏழைப் பெண். 32,000-க்கும் மேற்பட்ட வரிகளை நினைவிலிருந்து பாடியவர். ஒரு பாதிரியார் அவற்றை எழுதி வைத்தார். பெரிய ஓவியர்கள் பராஸ்கேயை அமர வைத்து வரைந்தார்கள். இளம் இசையமைப்பாளர் ஜான் சிபேலியஸ் 1891-இல் அவர் பாடக் கேட்டார். மறு ஆண்டு 'குல்லெர்வோ' என்ற பெரிய இசைப்படைப்பை ஹெல்சிங்கியில் அரங்கேற்றிப் புகழ் பெற்றார். பராஸ்கே 1904-இல் வறுமையில் இறந்தார். பாட்டு தேசத்தின் சொத்தானது. பாடியவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று தேசம் கேட்கவில்லை. பறையும் கூத்தும் நாட்டுப்புறப் பாட்டும் மேடையேறிய பிறகு அவற்றைக் காத்த மக்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டுப் பழகிய நமக்கு இது புதிய செய்தி இல்லை.

இனி ஓவியரிடம் வருவோம். கல்லென்-கல்லெலா 1865-இல் பிறந்தவர். வீட்டில் பேசிய மொழி ஸ்வீடிஷ், பிறந்தபோது பெயர் ஆக்ஸெல் கல்லேன். 1907-இல்தான் பெயரை முறைப்படி பின்னிஷ் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டார். இளம் வயதில் கண்ணால் கண்டதை உள்ளபடி வரைந்தார். 1885-இல் அவர் வரைந்த 'கிழவியும் பூனையும்' ஓவியத்தில் ஓர் ஏழைக் கிழவி தன் வறுமையோடு அப்படியே நிற்கிறார். அழகுபடுத்தல் எதுவும் கிடையாது.

1890-களில் ஐரோப்பாவில் குறியீட்டிய ஓவியம் பரவியது. கண்ணுக்குத் தெரிவதை வரைவது போதாது, அதன் பின்னுள்ள உணர்வையும் கருத்தையும் தொன்மங்கள் வழியே வரைய வேண்டும் என்பது அதன் கொள்கை. கல்லென்-கல்லெலாவும் அந்தப் பக்கம் திரும்பினார். 1895-இல் பெர்லினில் எட்வர்ட் மூங்க்கோடு சேர்ந்து கண்காட்சி வைத்தார். அந்த ஆண்டு அவருடைய சிறு மகள் இறந்துபோனாள். அதன் பிறகு வந்தவைதான் 'சம்போவைக் காத்தல்', 'லெம்மின்கைனெனின் தாய்', 'குல்லெர்வோவின் சாபம்' போன்ற கலேவலா ஓவியங்கள்.

குறியீட்டின் பலம் ஒன்று உண்டு. ஒரு மனிதனின் கோபத்தை அது எல்லோருடைய கோபமாகவும் ஆக்கும். அதன் ஆபத்தும் அதுவேதான். எல்லோருடையதாகவும் ஆன பிறகு, அது முதலில் யாருடையது என்பது மறந்துபோகும்.

1899-ஐ எடுத்துக்கொள்வோம். பின்லாந்து 1809 வரை ஸ்வீடனின் கீழும், பிறகு ரஷ்யப் பேரரசின் கீழும் இருந்த நாடு. 1899 பிப்ரவரியில் ஜார் மன்னன் இரண்டாம் நிக்கோலஸ், பின்லாந்தின் தன்னாட்சியைக் குறைக்கும் ஆணையை வெளியிட்டான். எதிர்த்து 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். மனுவோடு போன குழுவைச் சந்திக்கவே ஜார் மறுத்துவிட்டான். இப்படிப்பட்ட ஆண்டில் வந்த ஓவியத்தில், அடிமை இளைஞன் கையை ஓங்குகிறான். பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. குல்லெர்வோதான் பின்லாந்து, கல் வைத்த எஜமானிதான் ரஷ்யா. 1901-இல் ஹெல்சிங்கி மாணவர் மன்றக் கட்டடத்தின் சுவரிலும் கல்லென்-கல்லெலா குல்லெர்வோ போருக்குப் புறப்படும் காட்சியை வரைந்தார். அடிமைப் பையன் படித்தவர்களின் மண்டபத்தில் குதிரையேறினான்.

அதே 1899-இல் பின்லாந்தின் கிராமங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது?

பெற்றோர் இல்லாத பிள்ளைகளையும் ஆதரவற்ற முதியோரையும் ஊரார் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். மிகைப்படுத்தவில்லை, அதுதான் அன்றைய ஏழை நிவாரணம். ஊர்ப்பணத்தில் அவர்களைப் பராமரிக்க வேண்டும். ஆகவே ஏலம் போட்டு, 'மிகக் குறைந்த பணம் தந்தால் போதும், நான் வைத்துக்கொள்கிறேன்' என்று கேட்டவரிடம் அவர்களை ஒப்படைத்தார்கள். மாட்டுச் சந்தையில் விலை மேலே போகும். இங்கே பிள்ளையின் விலை கீழே போகும். எடுத்துக்கொண்டுபோன வீட்டில் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1923-இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் அந்த ஏலத்தைத் தடை செய்தது.

ஓட்டைக் கொப்பரைக்கு விற்கப்பட்ட கற்பனைப் பிள்ளைக்காகத் தலைநகரமே கண்கலங்கியது. உயிருள்ள குல்லெர்வோக்கள் ஊர்க்கூட்டத்தில் ஏலம் போனார்கள். அந்த ஏலத்தை நடத்தியவன் ரஷ்ய ஜார் அல்ல. உள்ளூர்க்காரன், சொந்த மொழி பேசுகிறவன்.

நிலத்தின் கதையும் அப்படியே. பெரும் பண்ணைகளின் ஓரத்தில் துண்டு நிலத்தை வாரத்துக்கு உழுது, வாடகையாகப் பண்ணையாரின் வயலில் இத்தனை நாள் உழைப்பு என்று தந்துவந்த குத்தகைக் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கும் கீழே துண்டு நிலமும் இல்லாத கூலிகள். 1907 ஜனவரிக் குளிரில், லௌக்கோ பண்ணையில் வேலைநிறுத்தம் செய்த குத்தகைக் குடும்பங்களைக் குதிரைப் போலீஸை வைத்து வெளியேற்றினார்கள். பனியில் நின்ற அந்தக் குடும்பங்கள் தங்கள் ரொட்டியில் இருந்த கல்லைத் தெளிவாகவே கண்டிருப்பார்கள்.

ஆனால் அவர்கள் காட்டில் தனியாக நின்று சபிக்கவில்லை. ஓவியம் வந்த அதே 1899-இல், துர்க்கு நகரில் பின்னிஷ் தொழிலாளர் கட்சி தொடங்கப்பட்டது. 1903-இல் அது சமூக ஜனநாயகக் கட்சி ஆனது. 1905 பொது வேலைநிறுத்தத்துக்குப் பின், 1906-இல் ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. ஐரோப்பாவிலேயே பெண்களுக்கு முதலில் நாடாளுமன்ற வாக்குரிமை கிடைத்தது அங்கேதான். 1907 தேர்தலில் 200 இடங்களில் 80 இடங்களை அந்தக் கட்சி வென்றது. ஏலப் பிள்ளைகளும் குத்தகைக்காரர்களும் ஆலைத் தொழிலாளிகளும் தங்கள் கையைத் தாங்களே ஓங்கியது இப்படித்தான்.

1917 டிசம்பரில் பின்லாந்து விடுதலை பெற்றது. 1918 ஜனவரியில் உள்நாட்டுப் போர் வெடித்தது. ஒருபக்கம் செஞ்சேனை, அதாவது தொழிலாளர்களும் நிலமற்றோரும். மறுபக்கம் தளபதி மன்னெர்ஹெய்ம் தலைமையிலான வெண்சேனை. சில மாதப் போரில் 36,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொலைகள் இரு பக்கமும் நடந்தன. செஞ்சேனைப் பக்கம் செய்த அரசியல் கொலைகள் சுமார் 1,600. வென்றவர்கள் சுட்டுக் கொன்றது ஏறக்குறைய 10,000 பேரை. தோற்றவர்களில் சுமார் 80,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அங்கே 12,000-க்கும் மேற்பட்டோர் பசியாலும் நோயாலும் செத்தார்கள்.

குல்லெர்வோவை வரைந்தவர் அப்போது எந்தப் பக்கம் நின்றார்? வெண்சேனைப் பக்கம். தன் மகனோடு போர்முனைக்குப் போனார். பிறகு மன்னெர்ஹெய்முக்காகச் சீருடைகளையும் விருதுப் பதக்கங்களையும் வடிவமைத்துக் கொடுத்தார். 1919-இல் அவருடைய மெய்த்துணை அதிகாரியாகவும் நியமிக்கப்பட்டார்.

இவரைக் கோழை என்றோ போலி என்றோ சொல்லிவிட்டு நகர்வது எளிது. அது சரியுமல்ல. ஜாருக்கு எதிரான அவருடைய கோபம் உண்மையானது. 1906-இல், ரஷ்யாவிலிருந்து தப்பி வந்திருந்த மாக்சிம் கார்க்கியின் உருவப்படத்தை வரைந்தவரும் இவரே. தன் நாட்டை மிதித்தவனை அவர் மனப்பூர்வமாக வெறுத்தார். தன் நாட்டுக்குள்ளேயே மிதிபட்டவன் எழுந்தபோது அவரால் அவனோடு நிற்க முடியவில்லை. ஓவியத்தில் ஓங்கிய கை அழகாக இருந்தது. தெருவில் ஓங்கியபோது அது கலகமாகத் தெரிந்தது.

தேசத்தின் விடுதலையும் தேசத்துக்குள் ஒடுக்கப்பட்டவனின் விடுதலையும் தானாக ஒன்றாகிவிடாது. வெள்ளையன் போன பிறகு அதிகாரம் யார் கைக்குப் போகும் என்று அண்ணல் அம்பேத்கர் வட்டமேசை மாநாட்டிலேயே கேட்டது இதனால்தான். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அவருக்கு என்னென்ன பட்டங்கள் சூட்டினார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. பின்லாந்தின் குத்தகைக்காரரும் இந்தியாவின் தலித்தும் ஒன்றல்ல. ஏலம் போன பிள்ளை வளர்ந்து வேறு ஊருக்குப் போனால் அவன் தொட்ட தண்ணீர் தீட்டாகவில்லை. 1918-இல் போர் முடிந்த சில மாதங்களிலேயே, குத்தகைக்காரர்கள் உழுத நிலத்தை விலைக்கு வாங்கிக்கொள்ள வழிசெய்யும் சட்டம் அங்கே வந்தது. சாதி அப்படி ஒரு சட்டத்தோடு இறங்கிப் போகிற சுமை இல்லை. ஒப்பிடும்போது வேறுபாட்டையும் சேர்த்தே பார்ப்போம்.

கடைசியாக, காவியத்தில் குல்லெர்வோவுக்கு என்ன ஆனது? மந்திரத்தால் ஓநாய்களையும் கரடிகளையும் மாடுகளாகக் காட்டி வீட்டுக்கு ஓட்டி வருகிறான். கொல்லனின் மனைவி சாகிறாள். பிறகு உந்தமோவின் குடியை அழிக்கிறான். வழியெல்லாம் தவறுகள், இழப்புகள். யாருமற்றவனாகத் தன் வாளின் மேலேயே விழுந்து சாகிறான். செய்தி கேட்ட முதுபெரும் பாடகன் வைனமொய்னென், பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தி வளர்க்காதீர்கள், அப்படி வளர்ந்தவனுக்கு நல்லறிவு வராது என்ற பொருளில் அறிவுரை சொல்கிறான். கவனியுங்கள். விற்றவனையும் வாங்கியவனையும் விட்டுவிட்டு, வளர்ப்புச் சரியில்லை என்று கதை முடிகிறது. ஒடுக்கப்பட்ட இளைஞன் கொதித்தெழும்போதெல்லாம் 'கவுன்சிலிங் கொடுங்கள்' என்று சொல்கிற குரல் அவ்வளவு பழையது.

அடிமைக்குச் சாபத்தைத் தர முடிந்த காவியத்தால் அவனுக்குத் தோழர்களைத் தர முடியவில்லை. அதைச் செய்தவர்கள் துர்க்குவில் கூடிய தொழிலாளர்கள்.

ஆகவே தோழர்களே, இனி ஓங்கிய கை ஒன்றைச் சுவரொட்டியிலோ சினிமாவிலோ கட்சி மேடையிலோ காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். இந்தக் கதையை முதலில் சொன்னது யார்? இந்தக் கை யாரை நோக்கி ஓங்கப்பட்டிருக்கிறது? இந்தப் படத்துக்குக் கைதட்டுகிறவர்கள், அந்தக் கைக்குரியவன் கூலியும் நிலமும் சுடுகாட்டுப் பாதையும் கேட்டு நேரில் வந்து நிற்கும்போது எந்தப் பக்கம் இருப்பார்கள்?

படத்தை மட்டும் போற்றுகிறவர்களிடம் நம் கையை இரவல் கொடுக்க வேண்டாம்.